வலக்கை ஆறு

பிளாஸ்டிக் மாம்பழத்தைத் தூக்கிக் காட்டி "இது என்ன சார், சொல்லுங்க" என்று ரெஜினா கேட்டபோது, சொல்லிவிடாதீர்கள் என்றுதான் குமுதவல்லிக்கு முதலில் தோன்றியது. தோன்றியதும் பயந்துபோனாள். கட்டின புருஷனுக்கு மாம்பழம் என்ற வார்த்தை வரக்கூடாது என்று நினைக்கிற பெண்பிள்ளை உலகத்தில் உண்டா? உண்டு, இதோ, பேச்சுப் பயிற்சி நிலையத்தின் மூலை நாற்காலியில், மடியில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு, நல்ல மனைவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தட்சிணாமூர்த்தி மாம்பழத்தைப் பார்த்தார். உதடு குவிந்தது. "மா," என்றார், "மா... மாமா." ரெஜினா, நாகர்கோவில் பெண், பொறுமையைப் படித்துப் பட்டம் வாங்கியவள், "கிட்ட வந்துட்டீங்க சார், சூப்பர்" என்றாள். என்ன கிட்ட? ரஷ்யனும் உக்ரைனியமும் போலிஷும் செக்கும் பேசிய வாய், ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஸ்லாவிய மொழியை நேற்றுக் கேட்டதுபோல் உச்சரித்துக்காட்டிய வாய், ஒரு மாம்பழத்துக்கு மாமாவைக் கூப்பிடுகிறது. குமுதவல்லிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, இரண்டையும் சேர்த்து விழுங்கினாள். வரக்கூடாது என்று அவள் நினைத்ததற்கு ஒரு கணக்கு இருந்தது, பைத்தியக்காரக் கணக்குதான். தை மாதம் பக்கவாதத்தில் விழுந்தவருக்கு வைகாசி வரைக்கும் மீண்டு வந்திருக்கிற வார்த்தைகள் ஒரு கைப்பிடி. அதையும் மாம்பழத்துக்கும் சீப்புக்கும் செருப்புக்கும் செலவழித்துவிட்டால், அவளுக்கு வரவேண்டிய ஒன்றுக்கு என்ன மிஞ்சும்? அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. "குமுதா சொன்னது" என்று, அவ்வளவுதான். இரண்டே வார்த்தை, அதை ஒரே ஒரு தடவை, அவர் வாயால்.

பக்கத்து அறையில் ஒரு குழந்தை பா பா பா என்று பழகிக்கொண்டிருந்தது. ஏசி டெட்டால் வாசனையை அறை முழுக்கச் சுற்றிச்சுற்றி விட்டுக்கொண்டிருந்தது. அவருடைய வலது கை மடியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல் கிடந்தது. தட்சிணாமூர்த்தி என்று பெயர் வைத்துக்கொண்டு தட்சிணக் கையே போய்விட்டது பார் என்று அவளுக்குள் ஒரு குரல் கிண்டல் செய்தது. அது அவள் குரல்தான். ஆஸ்பத்திரியில் எல்லோரும் தலைமாட்டில் நின்று அழும்போதும் இந்தக் குரல் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. "சார், நீங்க யாரு? கையால காட்டுங்க" என்றாள் ரெஜினா. அவர் இடது கையைத் தூக்கி எதிரே இருந்த ரெஜினாவைக் காட்டினார். "நான் யாரு?" தன் மார்பைத் தொட்டுக்கொண்டார். விழுந்ததிலிருந்து இதுதான் கூத்து. யார் பேசினாலும் நான் என்பது எதிரில் இருப்பவருக்கு, நீ என்பது பேசுகிறவருக்கு. நீ பசிக்குது என்றால் அவருக்குப் பசி. நான் தூங்கு என்றால் அவளைத் தூங்கச் சொல்கிறார். முதல் வாரம் பேரன் பேத்திகள்கூடச் சிரித்தார்கள், அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. இதற்கு ரெஜினா ஒரு வைத்தியம் சொல்லிக்கொடுத்திருந்தாள். "அவர் சொன்னதை அப்படியே செய்யுங்க மேடம். உனக்கு இட்லின்னு சொன்னா நீங்க எடுத்துச் சாப்பிட்டுருங்க. தனக்குக் கிடைக்கலைன்னாதான் மூளைக்கு உறைக்கும். பாவம் பாக்காதீங்க." குமுதவல்லி பாவம் பார்க்கவில்லை. உனக்கு இட்லி என்று அவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும்போது அந்த இட்லியைத் தன் வாயில் போட்டு நிதானமாக மென்றிருக்கிறாள். அவர் கண் இட்லியோடு போய் அவள் தொண்டை வரைக்கும் இறங்கும். வைத்தியம்தான், வேறென்ன. ஆனால் வைத்தியத்தில் இத்தனை ருசி இருக்கக் கூடாது, அது அவளுக்கும் தெரியும்.

ரெஜினா படத்தை மாற்றினாள். பச்சைக் கரை, நடுவில் நீலம், ஒரு பாலம். "இது என்ன சார்? தண்ணி ஓடுது பாருங்க. ஆ..." அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "ஏழு" என்றார். ரெஜினா தலையை ஆட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். ஏழா? அட, ஆறு என்ற கதவைத் தட்டத் தெரியாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார், அவ்வளவுதான், தெரு சரிதான் அம்மா, என்று சொல்ல வாயெடுத்த குமுதவல்லி சொல்லாமல் இருந்துவிட்டாள். இந்த மனிதருக்கு ஆறு என்ற சொல்லா போகவேண்டும்? நாற்பது வருஷம் ஆறுகளைத் தவிர வேறெதையும் நினைக்காத மனிதர். கீவ் நகரத்து விடுதியில், ஜன்னலில் பனி ஒட்டிக்கொண்டிருக்க, ஒரே குண்டுபல்புக்குக் கீழே அவர் அவளிடம் சொன்ன முதல் காதல் வசனமே டானும் தினீப்பரும் டானூபும்தான். இந்த டான் என்கிற சத்தம் ஸ்லாவியர்களுடையதே இல்லை குமுதா, அவங்களுக்கு முன்னாடி அந்தப் புல்வெளியில குதிரை மேய்ச்சவங்களோடது, அதுக்கு அர்த்தம் வெறும் ஆறு. வந்தவன் இது என்னன்னு கேட்டிருக்கான், இருந்தவன் ஆறுன்னு சொல்லியிருக்கான், இவன் அதையே பேருன்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அவள் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்தவன் வார்த்தையை எடுத்துத் தன் ஆற்றுக்குப் பெயராக்கிக்கொண்டு, கேட்டவன் பெயரும் சொன்னவன் பெயரும் இல்லாமல் ஆயிரம் வருஷம் ஓடவிடுவது என்ன வேடிக்கை என்று சிரித்தாள். சிரிக்காமல் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

அந்தப் படகு. எத்தனை தடவை அந்தப் படகில் ஏறி இறங்கியாகிவிட்டது. மே மாதம், பரீட்சை முடிந்த மறுநாள், கீவிலிருந்து வடக்கே தினீப்பரை எதிர்த்துப் போகிற படகு, மேல்தளத்தில் மரப் பெஞ்சு, அவள் கையில் கறுப்பு ரொட்டி, அவர் கையில் வரைபடம். தேஸ்னாவின் முகத்துவாரத்தைப் பார்க்கத்தான் போனார்கள், சினிமாவுக்குப் போகிற வயசில். தேஸ்னா என்றால் வலக்கை. நம்ம தட்சிணமும் அதுவும் ஒரே வேர், நானும் இந்த ஆறும் ஒரே பேரு, என்று வழியெல்லாம் மார்பைத் தட்டிக்கொண்டு வந்தவர், வரைபடத்தை விரித்ததும் முகம் சுண்டிப்போனார். தண்ணீர் ஓடுகிற திசையைப் பார்த்து நின்றால் தேஸ்னா வந்து சேர்வது தினீப்பருக்கு இடது பக்கம். எல்லா பூகோளப் புத்தகமும் இடக் கிளை ஆறு என்றுதான் சொல்கிறது. இடது பக்கத்து ஆற்றுக்கு எவன் வலக்கை என்று பெயர் வைப்பான்? வேர் தப்போ, என்னுடைய அத்தியாயமே போச்சே என்று அவர் புலம்பிக்கொண்டிருக்கும்போது படகு மெதுவாகத் திரும்பியது. குமுதவல்லியின் ரொட்டி வைத்திருந்த கைப்பக்கம் ஒரு வெளிறின தண்ணீர் வந்து கறுத்த தண்ணீரில் கலந்தது. அவளுடைய வலது கை. படகு தண்ணீரை எதிர்த்துப் போய்க்கொண்டிருந்தது, அதனால் வலது கை. அவள் ரொட்டியை மென்றுகொண்டே சொன்னாள், யோசித்துக்கூடச் சொல்லவில்லை: "பேரு ஆத்தைப் பத்திச் சொல்லலை தட்சிணா. பேரு வெச்சவன் எந்தப் பக்கம் பாத்து வந்தான்னு சொல்லுது. அவங்க தெக்கேயிருந்து தண்ணியை எதிர்த்து வந்திருக்காங்க, நம்மள மாதிரி." அவர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டாள், வேறொன்றுக்கும் இல்லை. எதிர்த்து வந்தார்கள் என்கிற விளக்கத்தைப் பழைய பேராசிரியர்கள் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது அப்புறம் தெரிந்தது. விளக்கம் யாருடையதாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், அவளுக்கு அதில் பங்கு வேண்டாம். வாக்கியம் அவளுடையது. ரொட்டித் துணுக்கோடு அவள் வாயிலிருந்து விழுந்த வாக்கியம்.

அது அதற்கப்புறம் என்னென்ன உடை உடுத்தியது! ரஷ்யன் உடுத்தி அவருடைய ஆய்வேட்டின் முதல் வரியாக உட்கார்ந்தது. இங்கே வந்ததும் ஆங்கிலம் போட்டுக்கொண்டு கருத்தரங்கங்களுக்குப் போயிற்று. கடைசியில் செந்தமிழ் வேட்டி கட்டிக்கொண்டு மேடை ஏறியது: ஆற்றின் பெயர் ஆற்றைச் சொல்வதில்லை, என்று அவர் நிறுத்துவார், கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும், பெயர் வைத்தவர் எந்தப் பக்கம் பார்த்து வந்தார் என்பதைத்தான் சொல்கிறது. கைதட்டல். மகன் கல்யாணத்தில்கூட, மணமக்களை வாழ்த்த எழுந்தவர், அதைச் சொல்லித்தான் வாழ்த்தினார். சம்பந்தியம்மாள் குமுதவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு "என்ன ஒரு ஞானம் உங்க வீட்டுக்காரருக்கு" என்றாள். "ஆமா" என்றாள் குமுதவல்லி. வேறு என்ன சொல்வது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு? அவளும் படித்தாள், அதே வகுப்பு, அதே விடுதி. சின்ன ஓடைகளின் பெயர்களைப் பற்றி அவள் பாதி எழுதியிருந்தபோது வயிற்றில் மகன். ஊருக்கு வந்தார்கள். மாமியார் ஒரு நாள் ஒரே ஒரு பார்வை பார்த்தாள், அவரை வகுப்பில் நீ வா போ என்றிருந்தது நீங்க வாங்க போங்க ஆகிவிட்டது, அத்தோடு இன்றைக்கு வரைக்கும் திரும்பவில்லை. அவர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவள் சாயங்கால வகுப்பில் கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு வணக்கம் நன்றி ரொட்டி எங்கே கிடைக்கும் என்று ரஷ்யன் சொல்லிக்கொடுத்தாள், அப்புறம் அதுவும் நின்றது. அவர் கட்டுரைகளின் எழுத்துப்பிழையெல்லாம் அவள் கை பட்டுத்தான் திருந்தும். தன்னுடைய வாக்கியத்துக்கே கால்புள்ளி போட்டுக் கொடுத்தவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஒரு தடவை கேட்டாள், கேட்காமல் இல்லை. அடுக்களையில், அவர் டிகாஷனுக்குக் காத்துக்கொண்டு நின்றபோது. "அது படகுல நான் சொன்னதுதானே?" அவர் அழகாகச் சிரித்தார். "நாம ரெண்டு பேரும் சேந்துதானே யோசிச்சோம் குமுதா." நாம. எவ்வளவு பெரிய மனசு. வீட்டில் நாம், மேடையில் நான். அந்தக் காபியில் சர்க்கரை போடாமல் கொடுத்தாள், அவர் அதையும் கவனிக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

"வாரம் சொல்லுவோம் சார். ஞாயிறு, திங்கள்..." ரெஜினா தாளம் போட்டாள், அவர் செவ்வாய் புதன் என்று கூடவே வந்தார், வெள்ளியில் தடுக்கி நின்றார். குமுதவல்லி பாட்டில் மூடியைத் திருகினாள், திரும்ப மூடினாள். தை மாதத்து அந்தக் காலை நினைவில் வந்துவிடப் போகிறது, வருகிறது, வந்துவிட்டது. சாயங்காலம் அவருக்குப் பாராட்டு விழா. வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், இவள் கேட்டாள்: "இன்னிக்காவது என் பேரைச் சொல்லுவீங்களா?" அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். "பார்க்கலாம்" என்றார். உள்ளே போனார். பக்கெட் உருண்ட சத்தம் கேட்டது. பார்க்கலாம், அதுதான் விழுவதற்கு முன் அவர் முழுசாகச் சொன்ன கடைசி வார்த்தை. ரத்தக்கொதிப்பு, மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை, டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் டாக்டர் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கவில்லையே. அந்தக் கேள்வி போய் எந்த நரம்பில் இடித்ததோ? கேட்காமல் இருந்திருந்தால்? முப்பத்தைந்து வருஷம் பொறுத்திருந்தவள் இன்னும் ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா? அப்புறம் உடனே, அதே மூச்சில், அந்தக் கிண்டல்காரக் குரல்: பார்க்கலாம் என்றால் என்ன, சொல்வேன் என்றா சொல்லமாட்டேன் என்றா? பெண் பார்த்துவிட்டுப் போகிறவன் சொல்கிற பார்க்கலாமா, கடன் கேட்டவனுக்குச் சொல்கிற பார்க்கலாமா? நான்கு மாதமாக அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாகிவிட்டது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது. அந்தப் படகில் இருந்த இன்னொரு தமிழ்க் காது இவருடையது மட்டும்தான். இவரிடமிருந்து அது அழிந்துவிட்டால், அவள் அதைச் சொன்னாள் என்பதே நடக்காததாகிவிடும். அந்தப் பயம்தான் அவளைத் தினமும் வெயிலில் ஆட்டோ பிடித்து இங்கே கூட்டிக்கொண்டு வந்தது, அன்பு என்று ரெஜினா நினைத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்," என்று ரெஜினா திரும்பினாள், "சார் அடிக்கடி சொல்ற ஏதாவது இருக்கா? சாமி பாட்டு, ஸ்கூல்ல படிச்ச செய்யுள், அந்த மாதிரி. வாய்க்குப் பழகிப்போனது சில பேருக்குப் போகாது. நீங்க பாதி எடுத்துக்கொடுங்க, சார் முடிக்கிறாரான்னு பாப்போம்." "அவருக்குச் சாமி கிடையாது" என்றாள் குமுதவல்லி. "மேடைல பேசறவர்தானே மேடம், எப்பவும் சொல்ற ஒரு வரி இருக்குமே." இருக்கிறது. இருக்கிறதே, தொண்டையில். இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் அது அவருக்குள்ளேயே கிடந்து மக்கிப்போகும், போகட்டும், மேடையில் வாங்கின கைதட்டலோடு மக்கட்டும். ஆனால் மக்கினால் அவளுக்கு என்ன மிச்சம்? எடுத்துக்கொடுத்தால், அவர் முடித்தால், தன் கையாலேயே அதைக் கட்டி அவர் தோளில் மறுபடி ஏற்றியதாகிவிடும். முடிக்காவிட்டால்? அவர் இடது கையால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு அவளைப் பார்த்தார். "ஆற்றின் பெயர்" என்றாள் குமுதவல்லி. அந்தச் செந்தமிழில் அவள் அதைச் சொன்னதே இல்லை. தன் புடவையைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டதுபோல் கூச்சமாக இருந்தது. அவர் தலை நிமிர்ந்தது. முதுகு நிமிர்ந்தது. "ஆற்றைச் சொல்வதில்லை" என்றார் தட்சிணாமூர்த்தி, நிறுத்தினார், பாழாய்ப்போன அந்த மேடை நிறுத்தம்கூட அப்படியே இருந்தது, "பெயர் வைத்தவர் எந்தப் பக்கம் பார்த்து வந்தார் என்பதைத்தான் சொல்கிறது." ஒரு எழுத்து பிசகவில்லை. ரெஜினா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "ஐயோ சார்! ஃபுல்லா வந்துருச்சு! யாரு சார் சொன்னது இது?"

பக்கத்து அறைக் குழந்தை பா பா என்றது. அவர் ரெஜினாவைப் பார்த்தார். பிறகு கழுத்தைக் கஷ்டப்பட்டுத் திருப்பி மூலை நாற்காலியைப் பார்த்தார். அவர் அவளையே பார்த்துக்கொண்டு, படகில் பார்த்த மாதிரியா, இல்லை மாம்பழத்தைப் பார்த்த மாதிரியா, "நான்" என்றார். ரெஜினா கையைத் தட்டினாள். "கேட்டீங்களா மேடம்? நீன்னு சொல்லலை! நான்னு கரெக்டா சொல்லிட்டார்! நான் நீ சரியாகிட்டு வருது, நாளைக்கு இதையே பிடிச்சுக்குவோம்." நாளைக்கு இதையே. குமுதவல்லி எழுந்து அவருக்குச் செருப்பு மாட்டினாள். நான். நான் என்றால் யார்? நேற்று ராத்திரி வரைக்கும் இந்த மனிதர் வாயில் நான் என்றால் குமுதவல்லி. நான் தூங்கு, நான் சாப்பிடு, நான் ஏன் அழுவுற. அந்த நானா இது? இல்லை, மேடை நானா? வாக்கியம் பழைய இடத்திலிருந்து வந்ததே, கூடவே பழைய நானும் வந்துவிட்டதா? ஒரே சொல். அவர் எந்தப் பக்கம் பார்த்து நின்று சொன்னார் என்று தெரிந்தால் போதும். தன் வாக்கியமே தன்னைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைகிறது பார் என்றது கிண்டல் குரல். படி இறங்கும்போது அவருடைய பாரம் முழுக்க அவள் தோளில் இருந்தது.

வாசலில் வெயில் கொளுத்தியது. வழக்கமான ஆட்டோ இன்னும் வரவில்லை. கைப்பிடிச் சுவரில் அவரைச் சாய்த்து உட்கார வைத்தாள். கேட்டுவிடலாம், ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். கேட்கப் பயமாக இருந்தது. இத்தனை காலம் தெரியாமல் எரிந்தது ஒரு எரிச்சல், தெரிந்து எரியப்போவது இன்னொன்று, இரண்டாவதைத் தாங்க முடியுமா என்று தெரியவில்லை. அவரே உதட்டை நக்கிக்கொண்டு "தண்ணி" என்றார். தமிழில் இது ஒரு சௌகரியம், யாருக்கு என்று சொல்லாமலே காலம் தள்ளிவிடலாம். குமுதவல்லி பாட்டிலைத் திறந்து கையிலேயே வைத்துக்கொண்டாள். "யாருக்கு?" என்றாள். "யாருக்குத் தண்ணி, சொல்லுங்க." அவர் யோசித்தார், நெற்றி சுருங்கியது, பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உனக்கு" என்றார், வாயைத் திறந்துகொண்டு.

அப்படியானால் சரியாகவில்லை. நீ இன்னும் அவர்தான், நான் இன்னும் அவள்தான். யாரு சார் சொன்னது இது. நான். முப்பத்தைந்து வருஷம் காத்திருந்தது கிடைத்துவிட்டது, உலகத்தில் வேறு ஒருவருக்கும் புரியாத பாஷையில், கைதட்டலோடு மறுபடி அவர் கணக்கில் ஏறி. மகனிடம் சொன்னால் அம்மாவுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்பான். ரெஜினா திருத்திவிட்டால் இதுவும் போய்விடும், நாளைக்கே பிடித்துக்கொள்வோம் என்றாளே, பிடித்துத் திருகி நேராக்கி வைத்துவிடுவாள், அப்புறம் அவர் ஆயுசுக்கும் நான் நான் என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருப்பார். வைத்தியப்படி இந்தத் தண்ணீரை இப்போது அவள் குடிக்க வேண்டும். அவள் பாட்டிலை அவர் உதட்டில் வைத்துச் சாய்த்தாள். "குடி" என்றாள். வலது ஓரமாக வழிந்த தண்ணீரைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "நல்லாக் குடி தட்சிணா."

ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து அவரை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். "என்னம்மா, ஐயா முகம் இன்னிக்குத் தெளிவா இருக்கே. நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துரட்டா?"

குமுதவல்லி பாட்டிலை மூடினாள்.

"பார்க்கலாம்" என்றாள்.